உப்புக்கு டேப் மடிக்கத் தெரியாது

தம்பி, இன்றைக்குக் காலையில் நான் உன் பைக்கை வேலணையிலிருந்து குறிகட்டுவான் வரைக்கும் தனியாக ஓடிக்கொண்டு போய்த் திரும்பியும் வந்துவிட்டேன், தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்றுக்குள், கடலுக்கு நடுவே போகிற தாம்போதி முழுக்க, எங்கேயும் நிற்காமல், ஒருதரம்கூட விழாமல்!

ஓம், அதே பைக்தான். கியர் பெட்டிக்குள் உப்பு இறங்கிவிட்டது, இனி அது ஓடாது என்று நீ சொன்ன பைக். நேற்றுப் பின்னேரம் போனை வைத்த பிறகு நீ என் அழைப்பை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இதை உன் காதுக்குள் மட்டும் சொல்லியிருப்பேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் இது உன் காதுக்கு மட்டும் உரிய விஷயமும் இல்லை. நீ கனடாவுக்குப் போன நாளிலிருந்து இந்தப் பழுதை நான் ஒருத்தியாகத் தேடவில்லை. என் வீடியோக்களைப் பார்க்கிற அத்தனை பேரும் கூட இருந்து தேடினார்கள். கொழும்பிலும் மட்டக்களப்பிலும் இருப்பவர்கள், சவூதியில் லொறி ஓடுகிற ஒரு பிள்ளை, வேலை முடிந்து வந்து சாப்பிடவும் முதல் எனக்குப் பதில் எழுதியவர்கள். அவர்களையும் சேர்த்துத்தான் நீ அலைய விட்டாய். அதனால் உனக்கு எழுதுகிற இந்தக் கடிதத்தை அவர்களும் பார்க்கிற இடத்தில் வைக்கிறேன்.

உனக்கு முன்பே எனக்குத்தான் பைக் பைத்தியம். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றவள் நான். உனக்குப் போன் வாங்கித் தந்த அன்றே அதைப் பறித்துப் பார்த்தவளும் நான்தான். மலைநாட்டு வளைவுகளில் ஓடுகிறவர்கள், மழைக்குள் கூடாரம் அடித்துப் படுக்கிறவர்கள், செயினைக் கழற்றிப் பூட்டிக் காட்டுகிறவர்கள், எல்லோருடைய வீடியோவும் எங்கள் குசினியில்தான் ஓடின. பிரேக் ஒயில் மாற்றுவதைப் பார்த்தபடி புட்டு அவித்து, புட்டைக் களியாக்கி, அப்பாவிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். நீ யாழ்ப்பாணத்தில் வேலைக்குப் போய், இரண்டு பக்கமும் பெட்டி பூட்டிய அந்தப் பெரிய டூரிங் பைக்கைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தியபோது உன்னைவிட நான்தான் கூடத் துள்ளினேன். பக்கத்து வீட்டார் பைக்கைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

முதல் கிழமையே ஒரு மடைத்தனம் செய்தேன். கடல் ஓரம் ஓடி வந்த பைக்கை உடனே கழுவ வேண்டும் என்று ஒருவர் வீடியோவில் சொன்னதைக் கேட்டு, எங்கள் கிணற்றிலிருந்தே வாளி வாளியாக அள்ளி ஊற்றினேன். காய்ந்ததும் எஞ்சின் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. கடல் உப்பைக் கழுவுவதற்குக் கிணற்று உப்பை ஊற்றியிருக்கிறேன். எங்கள் கிணறு உவர் என்பது இந்த ஒழுங்கையில் தவழுகிற குழந்தைக்கும் தெரியும், வீடியோவில் பேசியவருக்குத் தெரியாது. அவர் பேச்சில் மயங்கிய எனக்கும் அந்த நேரம் மறந்துபோனது. நீ வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். “அம்மா, பைக்கைக் கருவாடு போட்டிட்டியள்” என்றாய். அன்றிலிருந்து, குடிக்க என்று பவுசர் லொறியில் வாங்குகிற நல்ல தண்ணீரில் ஒரு கானை பைக்குக்கென்று ஒதுக்கி வைத்தேன். அப்பா தேத்தண்ணிக்குத் தண்ணீர் காணவில்லை என்று சத்தம் போட்ட நாட்களிலும் அந்தக் கானைத் தொட விடவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் இரண்டு பேருக்கும் சொந்தம். நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் முழுக்க நனைத்து, பழைய சாரத் துண்டால் ஒற்றி எடுத்து, செயினை மண்ணெண்ணெயும் பழைய பல்லுப் பிரஷும் கொண்டு தேய்த்து, காலையில் ஒரு சுற்று ஓடிவந்த சூடு ஆற முதல் எண்ணெய் பூசுவோம். ஓடுவதற்குச் சற்று முதல் பூசினால் எல்லாம் சக்கரத்துக்குத் தெறித்துப் போகும், ஓடி வந்த சூட்டில் பூசினால் உள்ளே இறங்கும் என்று கண்டுபிடித்தது நான். டயரின் காற்றை வெயில் ஏற முதல் அளக்க வேண்டும் என்று கண்டுபிடித்தது நீ. வயர்கள் பொருந்துகிற இடங்களில் கொஞ்சம் கிறீஸ் தொட்டுவிட்டு, கறுப்பு டேப் சுற்றி, டேப்பின் நுனியை நகமளவுக்கு உள்ளே மடித்து ஒட்டுவோம். அடுத்த முறை கழற்றும்போது நுனி எங்கே என்று சுரண்டத் தேவையில்லை, மடித்த இடத்தைப் பிடித்து இழுத்தால் முழுதாக வந்துவிடும். எனக்கு அது தையல் வேலையிலிருந்து வந்த பழக்கம். உனக்கு நான் காட்டித் தந்தது. நான் பார்த்த இத்தனை வீடியோவில் வேறு ஒருவரும் அப்படிச் செய்யவில்லை.

வேலை முடிந்து எண்ணெய் ஊறியதும் பின்னேரம் ஓடப் போவோம். நீ முன்னால், நான் பின்னால். சாட்டியில் கடலைப் பார்த்தபடி ஐஸ்பழம் குடித்துவிட்டுத் திரும்புவோம். ஊர்காவற்றுறையில் ‘பாதை’ என்கிற அந்த மிதவையில் பைக்கை ஏற்றிக்கொண்டு காரைநகருக்குப் போவோம், மிதவை ஆடும்போது நீ பிரேக்கைப் பிடிப்பாய், நான் உன்னைப் பிடிப்பேன். ஒருநாள் குறிகட்டுவானில், நெடுந்தீவுக்குப் போகிற படகில் யாரோ ஒருவரின் பைக்கைச் சாய்த்து ஏற்றியதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நானும் ஒருநாள் இதை அங்கே கொண்டுபோய் அந்தக் கல்வேலி ஒழுங்கைகளுக்குள் ஓட வேண்டும் என்றேன். உண்மையாகவா என்று நீ கேட்டாய். ஓம் என்றேன். அது விளையாட்டுக்குச் சொன்ன ஓம் இல்லை என்று உனக்கு விளங்கியது. நீதான் என்னைப் பழக்கினாய். சாட்டி வீதியில் நான் கிளச்சை விட்டுவிட்டுப் பூவரசோடு மோதியபோது என் முழங்காலுக்கு மருந்து போட்டதும் நீதான். நான் பெரிய பைக்குக்கான லைசன்ஸ் எடுத்த அன்று நீ தட்டிய கைதட்டலில் பரீட்சை வைத்தவரே திரும்பிப் பார்த்தார்.

நீ போன அன்று உன்னை ஏற்றிப்போகிற வான் வாசலில் வந்து நிற்க, நேரலையில் வந்து, பைக்கின் திறப்பை என் உள்ளங்கையில் வைத்து மூடினாய். “இனி இது அம்மாவின்ர பைக். நெடுந்தீவுக்குக் கொண்டு போய் ஓடிக் காட்டுவா, இருந்து பாருங்கோ” என்றாய். அந்த வீடியோ இன்னும் என் வீடியோப் பக்கத்தில் இருக்கிறது, இத்தனை இதயக்குறிகளோடு. அதற்கு முதல்நாள், கடைசித் தரம் நான் தனியாகச் சேர்விஸ் செய்கிறேன் என்று சொல்லி, பைக் நிற்கிற கொட்டிலுக்குள் போய்த் தட்டிக் கதவைச் சாத்திக்கொண்டாய். பிரிகிற துக்கம் என்று நினைத்தேன். உள்ளே வராமல் தேத்தண்ணியை வாசலில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனேன்.

நீ போய்ச் சேர்ந்த கிழமை நான் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஏறினேன். ஸ்டார்ட் செய்தேன், அருமையாக வேலை செய்தது. கிளச்சைப் பிடித்து முதல் கியரைப் போட்டேன், நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்தால் நிற்கிறபடியே எவ்வளவு நேரமும் ஓடும். கியர் போட்ட அந்தக் கணம் செத்துவிடும். அன்று பின்னேரம், உனக்கு விடிகிற நேரம், போனைப் பைக்குக்கு முன்னால் வைத்து உனக்குக் காட்டினேன். நீ கோப்பிக் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருந்தாய். கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இருந்துவிட்டுச் சொன்னாய். “உப்பு உள்ளுக்க இறங்கியிட்டுது போல அம்மா. கியர் பெட்டி இறுகியிட்டுது.”

வேறு ஊரில் ஒருத்தி இதை நம்பியிருக்க மாட்டாள். எங்கள் ஊரில் நம்பாமல் இருக்க ஏலாது. இங்கே யன்னல் கம்பியைத் தின்றது உப்பு. மூன்று வருடத்தில் குளிர்சாதனப் பெட்டியின் காலைத் தின்றது உப்பு. கேற்றின் பிணைச்சல், அப்பாவின் சைக்கிள், என் தையல் மெஷினின் சக்கரம், எது பழுதானாலும் உப்பு என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிற ஆட்கள் நாங்கள். வேறு யார் பெயரைச் சொல்லியிருந்தாலும் நான் இரண்டு கேள்வி கேட்டிருப்பேன். உப்பின் பெயரைச் சொன்னாய், நான் வாயை மூடிக்கொண்டேன். அது உனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஆனால் கையை மூடிக்கொண்டிருக்கவில்லை. எஞ்சின் ஒயிலை வடித்து வெள்ளைத் துணியில் ஊற்றி, நொறுங்கிய இரும்புத் துகள் இருக்கிறதா என்று காந்தத்தால் தடவித் தேடினேன். ஒன்றும் இல்லை. கிளச் கம்பியை மாற்றினேன். பற்றறியின் முனைகளைச் சுரண்டினேன். ஒவ்வொன்றையும் வீடியோ எடுத்துப் போட்டேன், பார்த்தவர்கள் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். மட்டக்களப்பு அக்கா ஒருவர், பைக்கைச் சாய்த்து நிறுத்துகிற சைட் ஸ்டாண்டில் ஒரு சுவிச் இருக்கும், அதன் வயர் கழன்றிருந்தால் ஸ்டாண்ட் கீழே இருக்கிறது என்று பைக் நினைத்துக்கொண்டு, கியர் போட்டதும் நின்றுவிடும், அதைப் பார்த்தீரா என்று எழுதியிருந்தார். நான் அதை அப்படியே உனக்கு வாசித்துக் காட்டினேன். அதை வெளிக்கிட முதலே பார்த்துவிட்டேன், அதில் பிழை இல்லை என்றாய். பைக்கின் இடப்பக்கப் பிளாஸ்டிக் மூடியைப் பிடிக்கிற கொழுவி வெடித்திருக்கிறது, கழற்றினால் உடைந்துவிடும், தொடாதீர்கள் என்றும் சொன்னாய். மட்டக்களப்பு அக்காவுக்கு நான் கொஞ்சம் பெருமையாகவே பதில் போட்டேன், என் மகன் அதை எப்போதோ பார்த்துவிட்டான் என்று. அக்கா, இதை வாசித்தால் என்னை மன்னியுங்கள்.

ஒன்றை மட்டும் நீ ஒருநாளும் மறக்கவில்லை. கிழமைக்கு ஒருக்கால் ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓட விடுங்கள், பற்றறி போய்விடும் என்பாய். செயின் துருப்பிடிக்க விடாதீர்கள் என்பாய். நானும் விடவில்லை. நகராத பைக்கின் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்.

போன கிழமை நீ சொன்னாய், இனி அதை வைத்திருந்து பயனில்லை, உன் கூட்டாளி சுதன் வருகிற ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஏற்றிக்கொண்டு போவான் என்று. அழுதேன், ஆனாலும் சரி என்றேன். அழுக்கோடு அனுப்ப மனமில்லை. நேற்று மத்தியானம் அந்த நல்ல தண்ணீர்க் கானை எடுத்துக்கொண்டு போய், கடைசித் தரம் என்று மூலை முடுக்கெல்லாம் கழுவினேன். இடப்பக்க மூடிக்குப் பின்னால் தூசும் உப்பும் இருக்குமே என்று நினைத்தேன். இனி உடைந்தால் என்ன என்று கழற்றினேன். கொழுவி வெடிக்கவில்லை, புத்தம் புதிதாக இருந்தது. உள்ளே, சைட் ஸ்டாண்ட் சுவிச்சிலிருந்து வருகிற வயர், பொருந்துகிற இடத்தில் இரண்டாகப் பிரிந்து தொங்கியது. அறுந்ததல்ல, தானாகக் கழன்றதும் அல்ல. இரண்டு முனையிலும் உப்பு ஏறாதபடி கிறீஸ் தொட்டு, கறுப்பு டேப் சுற்றி, டேப்பின் நுனி நகமளவுக்கு உள்ளே மடிக்கப்பட்டிருந்தது.

அந்த மடிப்பை நகத்தால் தடவிப் பார்த்தேன். உப்பு இரும்பைத் தின்னும், சீமெந்தைத் தின்னும். உப்புக்கு டேப் மடிக்கத் தெரியாது, தம்பி.

மடித்த இடத்தைப் பிடித்து இழுத்தேன், முழுதாக வந்தது. இரண்டு முனையையும் சேர்த்தேன், ‘டிக்’ என்றது. ஏறி, ஸ்டார்ட் செய்து, ஸ்டாண்டைத் தூக்கி, முதல் கியரைப் போட்டேன். நிற்கவில்லை. இத்தனை மாதம் நான் ஆசைப்பட்ட சத்தம் அது. அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

பின்னேரம் உனக்கு அழைத்தேன். இடப்பக்க மூடியைக் கழற்றினேன் என்றேன். நீ கோப்பையைக் கீழே வைத்தாய்.

“ஏன் கழட்டினனீங்கள்? உடையும் எண்டு சொன்னனான் எல்லே.”

“உடையேல்லை.”

மூடிக்குள் நான் என்ன கண்டேன் என்று உனக்கு விளங்கிவிட்டது. பிறகு எல்லாம் ஒன்றாக வந்தது. தாம்போதியில் அடிக்கிற காற்று உனக்குப் பயமாம். நான் விழுந்தால் நீ அங்கே இருந்துகொண்டு என்ன செய்வதாம். தனியாகப் பைக்கில் திரிந்தால் சனம் கதைக்குமாம், அதை அப்பா கூட்டுறவுச் சங்கக்கடையில் நின்று கேட்க வேண்டுமாம்.

“அப்ப, ‘ஓடாதேங்கோ அம்மா’ எண்டு சொல்லியிருக்கலாமே,” என்றேன்.

“சொன்னாக் கேப்பியளே?”

“கேட்டிருக்க மாட்டன். சண்டை பிடிச்சிருப்பன்.”

“அதுதான்.”

“சண்டை பிடிச்சிருக்கலாம் தம்பி. நீ ஒளிச்சு வைச்சிட்டு, என்னைத் தேட விட்டிட்டு, பார்த்துக்கொண்டு இருந்தனீயே.”

அதற்கு நீ சொன்ன பதில், அப்பாவும் அதுதான் நல்லது என்றவர் என்பது. பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போனை வைத்தாய்.

அப்பா முன் கதிரையில் இருந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன். மறைக்கவில்லை, ஓம் என்றார். பிறகு பெரிய சமாதானம் சொல்கிற மாதிரிச் சொன்னார். “இப்ப என்ன நடந்திட்டுது? பைக்கும் பழுதாகேல்லை, நீரும் பழுதாகேல்லை.” நான் துணியில் இரும்புத் துகள் தேடிக்கொண்டிருந்தபோது வெளிச்சம் காணாது என்று ரோச் பிடித்துக்கொண்டு நின்ற மனிசன் அவர். அந்த ரோச் வெளிச்சத்தை நினைக்க நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. இன்றைக்குக் காலையில் தாம்போதியில் ஏறியதும் அந்தப் பயத்தை நானும் பார்த்தேன். சோளகம் பக்கவாட்டில் அடித்தது, பைக் ஒரு முழம் விலகியது, கடல் துவானம் ஹெல்மெட் கண்ணாடியில் காய்ந்து வெள்ளையாகியது. வேகத்தைக் குறைத்து, முழங்காலால் பெற்றோல் தாங்கியை இறுக்கி, காற்று வருகிற பக்கம் கொஞ்சம் சாய்ந்து ஓடினேன். அது நீ பழக்கியது. இரண்டு பக்கமும் கடல் பச்சையும் நீலமுமாகக் கிடந்தது, கரை ஓரம் கொக்குகள் காற்றுக்கு முகம் கொடுத்து நின்றன. பின் இருக்கையிலிருந்து இவ்வளவு காலமும் இதைப் பாதிப் பாதியாகத்தான் பார்த்திருக்கிறேன், மற்றப் பாதியை உன் முதுகு மறைத்திருந்தது. குறிகட்டுவான் இறங்குதுறையில் நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியபோது, தேத்தண்ணிக்கடை அண்ணை என்னைப் பார்த்தார், பைக்கைப் பார்த்தார், எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “ஓடி வந்தவர் எங்க, பிள்ளை?” என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் தேத்தண்ணியில் சீனியை இரண்டு கரண்டி கூடப் போட்டுவிட்டார். குடித்தேன். இனிப்புத்தான், ஆனால் பக்கத்தில் நீ இல்லாத இனிப்பு. உனக்கு அழைத்து இதைச் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று கை போனை எடுத்தது. பிறகுதான் நினைவு வந்தது, நீதான் இதை நடக்கவிடாமல் செய்தவன் என்று.

உனக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். அங்கே பனிக்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுவார்களாம், வீடியோவில் பார்த்தேன். கார் வாங்கினால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவு. கிழமை தவற விடாதே. உப்பு உன்னை விடாமல் அங்கேயும் வந்துவிட்டது, அதற்கு முன்னால் நேர்மையாக இரு. மற்றது, நாளைக்கு ஒருத்தி உன்னோடு வாழ வருவாள். அவளுக்கு ஒன்று வேண்டாம் என்று நீ நினைத்தால் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல். அவள் கத்துவாள், தட்டை எறிவாள், அது பரவாயில்லை. அவளிடம் ஓம் என்று சொல்லிவிட்டு, தட்டியைச் சாத்திக்கொண்டு வயரைக் கழற்றி வைத்துவிட்டு, அவள் தேடுவதைக் கோப்பி குடித்தபடி பார்க்காதே. என்னை நீ தாம்போதியிலிருந்து காப்பாற்றினாய் என்று நினைக்கிறாய். இனி நீ ‘சாப்பிட்டேன் அம்மா’ என்று சொன்னாலும் நான் உன் பிளேற்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது. எனக்கு அந்தச் சந்தேகக் கண் வேண்டாம், தம்பி. அதை எனக்குப் பொருத்திவிட்டவன் நீ.

அந்த வயரில் திரும்பவும் கிறீஸ் தொட்டு, டேப் சுற்றிவிட்டேன். நுனியை மடிக்கவில்லை. இனி அதைக் கழற்ற வருகிறவர் நகம் நோகச் சுரண்டட்டும்.

இனி இது மற்ற எல்லோருக்கும். ஞாயிற்றுக்கிழமை சுதன் பைக்கை எடுக்க வேலணைக்கு வந்தால் பைக் வீட்டில் இராது. அந்தப் பிள்ளைக்கு வீண் அலைச்சல் வேண்டாம், யாராவது சொல்லிவிடுங்கள். நெடுந்தீவுக்கு முதல் படகு போகிற நேரம் பைக்கும் நானும் குறிகட்டுவானில் நிற்போம். படகில் சாய்த்து ஏற்றுவதற்கு நாலு பேரின் கை வேண்டும், வரக்கூடியவர்கள் வாருங்கள், ஸ்கூட்டியோ சைக்கிளோ எதில் வந்தாலும் சரி. வர ஏலாதவர்கள் இதைப் பகிருங்கள், கனடாவில் கோப்பி குடித்துக்கொண்டிருக்கிற ஒரு பிள்ளையின் திரைக்குப் போய்ச் சேரும் வரைக்கும். உங்களிடம் யார் எதை உப்பு என்று சொல்லி வைத்தார்கள் என்று கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றையும் வாசிப்பேன். வெளிக்கிட முதல் உங்கள் பைக்கின் இடப்பக்க மூடியை ஒருதரம் நீங்களே கழற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்.